கலங்கலில் ஏறிய கெளுத்தியும் நான் எழுதிய மனுவும்

மழையை ரசித்து எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்க்கிற மழை வேறு. என் அப்பா செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர். ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போலத் தூறினால் போதும், காயப் போட்ட பச்சைக்கல் எல்லாம் கரைந்து மறுபடி சேறாகிவிடும். சூளைக்காரர் ஓலையைப் போட்டு மூடிவிட்டு, தை பிறந்ததும் வாங்கடா என்று சொல்லிவிடுவார். கரையான்சாவடிக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தச் சூளைக்கு அப்பா தினமும் விடிகாலையில் சைக்கிள் மிதித்துப் போவார். மழை மாதங்களில் அந்த சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும். அது நின்றுவிட்டால் எங்களுக்குத் தெரியும், இனி இரண்டரை மாதம் ஏரிதான் சோறு போட வேண்டும்.

ஏரி என்றால் கெளுத்தி.

எங்கள் வரிசை கள்ளிக்குப்பத்துக்குப் பின்னால், ஏரிக்கரை முடிகிற இடத்தில் இருந்தது. இருபது வீடு இருக்கும். பாதிப் பேர் எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். வேலை எல்லாருக்கும் சூளையிலோ கட்டடத்திலோதான். மழை பெய்தால் இரண்டும் நிற்கும். ஏரி நிரம்பி மிஞ்சுகிற தண்ணீர் வெளியே வழிவதற்காகக் கரையில் ஓரிடத்தைத் தாழ்வாக விட்டுக் கருங்கல் பாவியிருப்பார்கள். அதற்குக் கலங்கல் என்று பெயர். எங்கள் வீட்டிலிருந்து கலங்கலுக்குக் கூப்பிடு தூரம்.

கெளுத்திக்கு மழையைத் தெரிந்த மாதிரி வேறு எதற்கும் தெரியாது. புழுக்கமாக இருக்கிற நாளில், வானம் கறுத்து இன்னும் கொட்டாத நாளில், அது சேற்றோடு சேறாகக் கிடக்கும். தூண்டிலில் கோத்த நாக்குப்பூச்சியை அதன் மீசைக்கு முன்னாலேயே தொங்கவிட்டாலும் தொடாது. முதல் மழை பெய்த அன்றும் பெரிதாகப் பலன் இருக்காது. மேல் தண்ணீர் குளிர்ந்திருக்கும், அடியில் வெயில் காலத்துச் சூடு அப்படியே இருக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சுற்றுப்பட்ட காலி மனைகளிலிருந்தும் வயலிலிருந்தும் செந்தண்ணீர் இறங்கி வாய்க்காலில் ஓட ஆரம்பிக்கும். அந்தத் தண்ணீரில் புழு வரும், பூச்சி வரும், அழுகின புல் வரும். கண்ணே தெரியாத கலங்கின நீரில் மீசையால் துழாவித் தின்கிற மீன் அது. அன்றைக்குத் தூண்டிலைப் போட்டுவிட்டு பீடி பற்றவைப்பதற்குள் தக்கை முழுகிவிடும். ஆனால் மழை விடாமல் ஒரு வாரம் பெய்து, வாடைக்காற்றும் சேர்ந்துவிட்டால் மறுபடி வாயை மூடிக்கொள்ளும்.

தூண்டில் எல்லாம் கைச்செலவுக்கு. குடும்பம் ஓடுவது கலங்கல் பாயும்போதுதான். ஏரி நிரம்பித் தண்ணீர் கல் மேல் வழிய ஆரம்பித்ததும், கீழே ஓடையிலும் பள்ளங்களிலும் வயலிலும் கோடையெல்லாம் கிடந்த கெளுத்தி அந்த வேகத்தை எதிர்த்து மேலே ஏறும். வயிறு நிறையச் சினையோடு, கல்லில் உரசி, விழுந்து, மறுபடி ஏறும். மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு நாள். ஊத்தா என்று ஒன்று வைத்திருப்போம், அடியில்லாத மூங்கில் கூடை. அதை மீன் மேல் கவிழ்த்து, மேலே இருக்கிற ஓட்டை வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். முள் மூன்று இருக்கிறது, முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. குத்தினால் தோள்பட்டை வரை இழுக்கும். பிடித்த மீனை அம்மா சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்து வழவழப்பை எடுப்பாள். மிஞ்சியதை உப்பிட்டு, வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் கூரை மேல் காயப் போடுவாள். அந்த நான்கு நாள் மீன்தான் மார்கழி வரைக்கும் எங்களுக்குக் குழம்பு.

ஏரி மீனை வருஷா வருஷம் அம்பத்தூரில் இருக்கிற சர்க்கார் அலுவலகத்தில் ஏலம் விடுவார்கள். குத்தகைக்கு எடுப்பவர் எப்போதும் பழைய ஊர்க்காரர் ஒருவர்தான். நிலம் இருந்த குடும்பம், பிறகு நிலத்தை மனை போட்டு விற்று லாரி வாங்கிக்கொண்டார்கள். அவர் ஏரியில் கெண்டைக் குஞ்சு விட்டு வளர்த்தார். கெளுத்தி அவருக்கு வேண்டாத மீன், குஞ்சைத் தின்றுவிடும். அதனால் கலங்கலுக்குக் கீழே நாங்கள் பிடிப்பதை அவர் கண்டுகொண்டதே இல்லை. பிடிச்சுத் தொலைங்கடா என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு வருஷம் கெளுத்தியை உயிரோடு தண்ணீர் டிரம்மில் வாங்கிப்போக ஒரு வேன் வர ஆரம்பித்தது. அவ்வளவுதான். அந்த மழையில் அவருடைய காவல்காரன் கலங்கலுக்கு வந்தான். அப்பாவின் ஊத்தாவைக் காலால் மிதித்து உடைத்தான். அப்பா அந்த மூங்கில் சிம்புகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அப்போது நான் பி.ஏ. கடைசி வருஷம். எங்கள் வரிசையில் பத்தாவது தாண்டினவனே நான்தான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதித்ததில்லை. ஊத்தாவை உடைத்த கோபத்தில் அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் காவல்காரனை மடக்கி உதைக்கலாம் என்றார்கள். நான்தான் தடுத்தேன். அடிதடி வேண்டாம், முறையாகச் செய்வோம், மனு கொடுப்போம் என்றேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. உதைத்திருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும்.

மனு எழுதுவது எனக்கு நன்றாக வரும். பள்ளிக்கூடத்தில் கடிதப் பகுதிக்கு எனக்குத்தான் முழு மதிப்பெண். அனுப்புநர், பெறுநர், பொருள், உயர்திரு ஐயா அவர்களுக்கு, தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. எதையாவது கேட்க வேண்டும் என்றால் முதலில் எதிரில் இருப்பவரின் பெருமையைச் சொல்ல வேண்டும், நம்முடைய சிறுமையை ஒப்புக்கொள்ள வேண்டும், கடைசியில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த வரிசையை நான் வேதம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் அந்தக் கோடையில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அதில் ஒரு வாக்கியம் என்னுடைய பெருமை. நாலு தடவை திருத்தி எழுதியது. "ஏரிக்கும் அதனைச் சார்ந்த நீர்வழிகள் அனைத்திற்கும் உரிய மீன்வளம் யாவும் குத்தகைதாரர் அவர்களையே சாரும் என்பதை நாங்கள் நன்கு அறிவோம். எனினும், மழைக்காலத்தில் வேலையிழந்து வாடும் எங்கள் குடும்பங்களின் நிலையைக் கருணையுடன் கண்ணுற்று, கலங்கலில் ஏறும் கெளுத்தியை மட்டும் பிடித்துக்கொள்ள அனுமதி வழங்குமாறு..." நன்கு அறிவோம் என்று நான் எழுதியதை எங்களில் யாரும் அறிந்ததில்லை. அப்படி ஒரு விஷயம் இருந்ததே இல்லை. நீர்வழிகள் அனைத்தும் என்பது ஓசைக்காகப் போட்டது. ஏரி என்று மட்டும் எழுதினால் வாக்கியம் மொட்டையாக இருந்தது.

வாசித்துக் காட்டினேன். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோயிலில் பிரசங்கம் கேட்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஒரு சொல்கூட அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. அம்மா மட்டும் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அவனாண்ட அனுமதி கேக்கறியா?"

ஆமாம் என்றேன்.

"கேட்டாத்தானேடா இல்லன்னுவான். இத்தினி நாளு யாராண்ட கேட்டோம்? கெளுத்தி இன்னா அவன் ஊட்டுக் கோழியா?"

சட்டப்படி செய்தால்தான் நிலைக்கும் என்று அவளுக்கு விளக்கினேன். கொஞ்சம் உரக்கவே விளக்கினேன். அப்பா என் பக்கம் பேசினார்.

"குடுக்கட்டும்மே. படிச்சவன் பேச்சுக்கு ஒரு மருவாதி கீது."

மனுவுக்கு அடியில் கட்டம் போட்டேன். வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், கையொப்பம் அல்லது கைரேகை. முதல் வரியில் என் கையெழுத்து. மற்றதெல்லாம் ரேகை. ஒரு மைப்பெட்டி வாங்கி, வீடு வீடாகப் போய், ஒவ்வொருவர் கட்டைவிரலையும் நானே பிடித்து அழுத்தினேன். சூளையில் தேய்ந்த விரல்கள், பலருக்குக் கோடே விழவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை அழுத்தினேன். ஏலம் விடுகிற அலுவலகத்தில் அதை வாங்கின குமாஸ்தா முழுதும் படித்துவிட்டு, யார் எழுதியது, நன்றாக இருக்கிறதே என்றார். அன்று அம்பத்தூரிலிருந்து வீடு வரை நான் நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பதில் வரவில்லை. ஆடி போனது, ஆவணி போனது. நான் இரண்டு தடவை போய்க் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பரிசீலனை என்ற சொல்லை நான் வீட்டில் வந்து சொன்னபோது அப்பா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு வாயில் நுழையவில்லை, சிரித்தார். ஆனி மாதமே அந்த மனு ஒரு பிரதி எடுக்கப்பட்டுக் குத்தகைக்காரரின் சட்டைப்பைக்குப் போய்விட்டது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் மழை ஐப்பசி கடைசியில்தான் பிடித்தது. ஆனால் பிடித்த பிறகு விடவில்லை. ரேடியோவில் ஓரிரு இடங்களில் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே வீட்டுக்குள் இருந்த நாலு பாத்திரத்திலும் ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் கலங்கல் பாய்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வரிசையில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். தானாகக் கதவு திறக்கும். அரிசி டப்பாவில் இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல. எல்லாரும் இந்த மூன்று நாளை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

போனால், கலங்கலுக்குக் கீழே எங்களுக்கு முன்பே ஆள் இருந்தது. காவல்காரனும் அவனோடு நாலைந்து பேரும் நின்றார்கள். தண்ணீரில் மூங்கில் தட்டி வைத்து அடைக்க ஆரம்பித்திருந்தார்கள். வேன் கரை மேல் நின்றது. குத்தகைக்காரர் குடை பிடித்துக்கொண்டு கல்லின் மேல் நின்றார். மீன் ஏறிக்கொண்டிருந்தது. நான் என் ஆயுசில் அப்படி ஒரு ஏற்றத்தைப் பார்த்ததில்லை. தண்ணீரே கறுப்பாக நெளிந்தது.

அப்பா முன்னால் போய், அண்ணே, மனு குடுத்துக்கீறோம் என்றார். அப்பா அதைச் சொல்லட்டும் என்றே காத்திருந்த மாதிரி குத்தகைக்காரர் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட அந்தத் தாளை எடுத்தார். அப்பாவிடம் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்து நீட்டினார்.

"தம்பி, நீ எழுதினதுதான? நீயே படி. என் கண்ணாடி ஊட்ல கீது."

மழையில் நின்று நான் படித்தேன். ஏன் படித்தேன் என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொள்கிறேன். படி என்று யாராவது சொன்னால் எழுந்து நின்று படிக்கிற பழக்கம் அப்படி ஊறியிருந்தது. நீர்வழிகள் அனைத்திற்கும் உரிய மீன்வளம் யாவும் குத்தகைதாரர் அவர்களையே சாரும் என்பதை நாங்கள் நன்கு அறிவோம். அங்கே அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். அதற்கு அர்த்தம் என்ன என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவரே சொன்னார். ஏரி மட்டுமில்லை, வாய்க்கால், ஓடை, இந்தக் கலங்கல், எல்லாத்துலயும் இருக்கிற மீன் என்னுது. இதை நான் சொல்லலை, நீங்க சொல்லியிருக்கீங்க, கீழே ரேகை வெச்சிருக்கீங்க. அனுமதிதானே கேட்டிருக்கீங்க? இல்லை.

அப்பாவோடு சூளையில் ஜோடி சேர்ந்து கல் அறுக்கிறவர் ஒருவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைச் சின்ன வயதிலிருந்து தூக்கித் திரிந்தவர். அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்னும் எரிகிறது.

"மாமே, உன் புள்ள ஏரிய எழுதிக் குடுத்துட்டான்டா."

அப்பா தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் அறைந்திருக்கலாம். அவர் என்னைப் பார்க்காமல் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆம்பளைகள் எல்லாரும் கையில் ஊத்தாவோடு அப்படியே நின்றார்கள். ஒரு தாளுக்கு அத்தனை பேரும் பயந்தார்கள். அவர்களை அப்படி நிற்கவைத்தது குத்தகைக்காரர் இல்லை. சாராயம் குடித்துவிட்டு அவரையே கெட்ட வார்த்தையில் திட்டினவர்கள்தான் அதில் பாதிப் பேர். நான்தான். தாள் என்றால் பெரிய விஷயம், ரேகை வைத்தால் வைத்ததுதான் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் நான்.

அப்போதுதான் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மீன் போடக் கொண்டுவந்த குண்டான் இடுப்பில் இருந்தது. என் கையிலிருந்த தாளைச் சுட்டிக்காட்டி, குத்தகைக்காரரிடம் கேட்காமல் காவல்காரனிடம் கேட்டாள்.

"அதுல என் பேரு எங்க கீது காட்டு."

"ஊட்டுக்காரன் வெச்சா ஊடே வெச்ச மாரிதான்."

"அப்பிடியா? அப்ப உன் ஊட்டுக்காரி துன்னா உனக்கு வயிறு ரொம்பிடுமா?"

கரையில் யாரோ சிரித்தார்கள். காவல்காரன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். குடும்பத் தலைவர் என்று நான் கட்டம் போட்டதால் அதில் இருந்ததெல்லாம் ஆம்பளைப் பெயர்கள். ஒரு பெண் பெயர்கூட இல்லை. புருஷன் செத்துப்போய்த் தானே கல் சுமந்து மூன்று பிள்ளைகளை வளர்த்த கடைசி வீட்டு அக்காவின் வாசலுக்குக்கூட நான் மைப்பெட்டியோடு போகவில்லை. தெருவில் பார்த்த அவளுடைய பதினோரு வயது மகன் பெயரை எழுதி, அவன் விரலை அழுத்தியிருந்தேன். அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதையும் நான் சரியான முறை என்றுதான் நினைத்தேன்.

அம்மா குண்டானை அப்பா கையில் கொடுத்துவிட்டு, புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கடைசி வீட்டு அக்கா பின்னாலேயே இறங்கினாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லாரும் இறங்கினார்கள். ஊத்தா அவர்களுக்குப் பழக்கம் இல்லை, அது ஆம்பளைகள் வேலையாக இருந்தது. மழைக்குத் தலையில் போட்டு வந்த பழைய புடவையை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, நிமிர்த்தித் தூக்கினார்கள். முதல் தூக்கலிலேயே புடவை கனத்துத் தொங்கியது. காவல்காரனின் ஆட்கள் வந்து தடுக்கப் பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் மேல் கை வைக்க அவர்களால் முடியவில்லை. கரையில் ஆம்பளைகள் நின்றார்கள் என்பதுகூடக் காரணம் இல்லை. அம்மா புடவையிலிருந்து ஒரு கெளுத்தியை எடுத்து அவர்கள் பக்கம் முள் தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டு நின்றாள்.

குத்தகைக்காரர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். குடையோடு என் பக்கத்தில் வந்து, தோளில் கை போட்டு, தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். முத்து முத்தாக எழுதுகிறாய், உன்னை மாதிரிப் பையன் இந்தக் கும்பலில் கிடந்து என்ன பிரயோஜனம் என்று ஆரம்பித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பொம்பளைங்க பேரையும் சேத்து இன்னொன்னு எழுதிக் குடு. நம்ம லாரி ஷெட்டுல எழுத்து வேலைக்கு ஆளு தேடிகினுகீறேன்."

நான் பொய் சொல்லப் போவதில்லை. வேலை என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனசு ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மேஜை, நாற்காலி, பேனா எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. அந்த ஒரு கணத்துக்காக அவர் மேல் வந்ததைவிட என் மேல் எனக்கு அதிகம் கோபம் வந்தது. அப்போதுதான் எனக்குத் தோன்ற வேண்டியது தோன்றியது. மனுவில் எழுதியிருக்க வேண்டியது அதுதான்.

"உங்க மீனு ஏரிக்குள்ள கீது. இது கீழ இருந்து வர்ற மீனு. இன்னும் உங்க ஏரிக்கே போவல."

அவர் சிரித்தார். "அத நீ எழுதலியே தம்பி."

உண்மைதான். எழுதவில்லை. இருபது வீட்டுக்கும் தெரிந்த ஒன்றை, மீன் எங்கிருந்து எங்கே போகிறது என்கிற சாதாரண விஷயத்தை, நான் எழுதவில்லை. அது மனுவில் எழுதுகிற விஷயமாக எனக்குப் படவில்லை. கருணை, தாழ்மை, வாடும் குடும்பங்கள், எல்லாம் எழுதினேன்.

தோளிலிருந்த அவர் கையை எடுத்துவிட்டு நான் தண்ணீரில் இறங்கினேன். உன் கையெழுத்துதான் முதல்ல கீது என்று காவல்காரன் கத்தினான். கீது, அதுக்கின்னா என்று கேட்டுவிட்டுப் போனேன். எனக்கு மீன் பிடிக்கவும் சரியாகத் தெரியாது. படிக்கிற பிள்ளை என்று என்னை அதற்கெல்லாம் விட்டதில்லை. அம்மாவின் புடவை நுனியை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அதில் விழுந்த மீனை எடுக்கத் தெரியாமல் எடுத்து, கட்டைவிரலுக்கு அடியில் குத்து வாங்கினேன். தோள் வரைக்கும் நெருப்பு மாதிரி ஓடியது. அம்மா திரும்பிப் பார்த்தாள். முள்ளுக்குப் பின்னாடி புடிடா என்றாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கூட்டாளி இறங்கினார். பிறகு மற்றவர்கள் இறங்கினார்கள். அப்பா கடைசியில்தான் இறங்கினார்.

அன்று பிடித்தது வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு வந்தது. மறுநாள் மழை நின்றுவிட்டது. மூன்று நாள் ஏற வேண்டிய மீன் ஒரே நாளோடு போயிற்று. தண்ணீர் இறங்கினதும் சவுக்குக் கம்பு நட்டு, வலை கட்டி, கலங்கலை மொத்தமாக அடைத்துவிட்டார்கள். அந்த மார்கழியில் எங்கள் வரிசையில் பாதிப் பேர் பூந்தமல்லிப் பக்கம் கட்டட வேலை தேடிப் போய்ச் சும்மா திரும்பி வந்தார்கள். என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் இருந்தது நியாயம்தான்.

அடுத்த ஏலத்துக்கான அறிவிப்பை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நிபந்தனைகள் என்று கீழே எண் போட்டு எழுதியிருந்தது. அதற்கு முந்தைய வருஷங்களில் ஏரி மீன் என்று மட்டும்தான் இருக்கும். அந்த வருஷம் ஒரு நிபந்தனை புதிதாகச் சேர்ந்திருந்தது. ஏரிக்கும் அதனைச் சார்ந்த நீர்வழிகள் அனைத்திற்கும் உரிய மீன்வளம் யாவும் குத்தகைதாரரையே சாரும். ஒரு எழுத்து மாறவில்லை. 'அவர்கள்' என்பதை மட்டும் எடுத்திருந்தார்கள். நான் நாலு தடவை திருத்தி எழுதிய வாக்கியம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அது அங்கே இருக்கிறது. போன மாதம்கூடப் போய்ப் பார்த்தேன். ஆறு வருஷமாயிற்று.

முதன்முதலாக அதைப் பார்த்த அன்றைக்கே வந்து வீட்டில் சொன்னேன். மறைக்கவில்லை. அம்மா, என்ன எழுதியிருக்கிறது, முழுசா சொல்லு என்றாள். சொன்னேன். அப்படியென்றால் இனிமேல் நாம் பிடித்தால் என்ன பெயர் என்று கேட்டாள். திருட்டு என்றேன். கோயிலில் என் பாவமே என்று குனிந்து மார்பில் தட்டிக்கொள்கிறவள் அவள். விறகை அடுப்புக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டாள்.

"எவன் திருடன்னு மழ வரட்டும் பாக்கலாம்" என்றார் அப்பா. அந்த ஒரு வருஷத்தில் அந்த விஷயம் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

அந்த வருஷமும் ஐப்பசியில் மழை வந்தது. சூளை மூடிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் கலங்கல் பாய்ந்தது. வலை கட்டியிருந்த சவுக்குக் கம்புகளில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டு தண்ணீர் கரை மேல் ஏறப் பார்த்தது. காவல்காரன் வேறு வழியில்லாமல் தானே அரிவாளோடு இறங்கி வலையை அறுத்துக்கொண்டிருந்தான். அப்பா ஊத்தாவை எடுத்தார். அம்மா பழைய புடவையை எடுத்தாள். நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அவர்களோடு போனேன்.